புதிய இரட்டைச் சிலிண்டர் மோட்டார்: தொந்தரவைப் பார்த்து எங்கே கை வைப்பது

மலேசியாவில் பி2 உரிமத்தில் (250 சிசி வரை) கப்சாய் என்னும் சின்ன ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவர், சிசி வரம்பில்லாத பி முழு உரிமம் எடுத்து, முதன்முதலாக ஓர் இரட்டைச் சிலிண்டர் மோட்டாரை வீட்டுக்குக் கொண்டு வந்தால், முதல் மாதம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டேதான் ஓட்டுவார். அடியில் ஏதோ 'டிக் டிக்' என்கிறது, சிக்னலில் ஐடில் (த்ராட்டிலைத் திருகாமல் எஞ்சின் சும்மா ஓடுவது) நொண்டுகிறது, கால் வேகிறது. இதெல்லாம் கோளாறா, இல்லை இப்படித்தான் இருக்குமா என்று தெரிவதில்லை. பினாங்கில் இப்படி விழிக்கிறவர்களுக்காக, தென்படுகிற தொந்தரவை வைத்தே இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு ராயல் என்ஃபீல்ட் இன்டர்செப்டர் 650-ஐ எடுத்துக்கொள்கிறேன். கவாசாகி 650, யமஹா எம்டி-07, ஹோண்டா சிபி500எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒற்றைச் சிலிண்டரில் ஏதாவது சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வழியே கிடையாது. இரட்டையில் எல்லாமே ஜோடி: பிளக் இரண்டு, எக்ஸாஸ்ட் குழாய் இரண்டு, த்ராட்டில் வாய் (எஞ்சினுக்குள் காற்று போகும் வழி) இரண்டு. ஒரு பக்கம் கெட்டால் நல்ல பக்கம் கண்முன்னாலேயே இருக்கிறது. புது உதிரிப்பாகம் வாங்கப் பணத்தை எடுக்கும் முன் இடதையும் வலதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கீழே சொல்வதில் பாதி இந்த வேலைதான்.

சுவிட்சை அழுத்தினால் சத்தமே இல்லை

கில் சுவிட்ச் (ஹேண்டிலில் எஞ்சினை அணைக்கும் சுவிட்ச்), கியர், சைட் ஸ்டாண்ட், கிளட்ச் பிடி. இந்த வரிசையில் பாருங்கள். சைட் ஸ்டாண்ட் கீழே இருக்க, கியரும் விழுந்திருந்தால் எஞ்சின் கிளம்பாது. அது பாதுகாப்புக்காக வைத்த சுவிட்ச். நியூட்ரலைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தும் கிளம்பவில்லை என்றால் கிளட்சை முழுக்கப் பிடித்து முயன்று பாருங்கள்.

'டக்' என்று ஒரே ஒரு சத்தம், இல்லை 'டக டக டக' என்று விடாத சத்தம் வந்தால் பேட்டரிப் பக்கம் போக வேண்டும். புது மோட்டாரில் பேட்டரி செத்திருப்பது அபூர்வம். டெர்மினல் திருகு சரியாக இறுகாமல் இருப்பது அபூர்வமே இல்லை. சீட்டைக் கழற்றி இரண்டு முனைகளையும் விரலால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் நெகட்டிவை முதலில் கழற்றி, துடைத்து, பாசிட்டிவை முதலில் மாட்டி இறுக்குங்கள்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் மல்டிமீட்டர் வேண்டும். விலை அதிகமில்லை, ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி போய்விட்டது. ஸ்டார்ட்டரை அழுத்தும்போது 10-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனம். எஞ்சினை ஓடவிட்டு நிமிடத்துக்கு 3,000 சுழற்சிக்கு மேல் உயர்த்தினால் 13.5-க்கும் 14.7-க்கும் இடையில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே நின்றால் சார்ஜ் ஆகும் பக்கம் கோளாறு. உத்தரவாதத்தில் கடைக்குக் கொண்டு போய்விடுங்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். மலேசியாவில் 1992-லிருந்து மோட்டார் சைக்கிள்களுக்குப் பகலிலும் விளக்கு எரிய வேண்டும். ஜெலுத்தோங்கிலிருந்து ஜார்ஜ் டவுனுக்குப் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துகிறோம். ஸ்டார்ட்டர் எடுத்த மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்க அந்தப் பத்து நிமிடம் போதாமல் போகலாம். இதற்கு மேல் டிராக்கர், முன் கேமரா, கைப்பேசி சார்ஜர் என்று மூன்றையும் நேராகப் பேட்டரியிலேயே கட்டியிருந்தால் ஒரு வாரம் வெளியூர் போய்த் திரும்பும்போது மோட்டாரில் உயிர் இருக்காது. கூடுதல் கருவிகளுக்குச் சாவி போட்டால் மட்டும் வேலை செய்யும் ரிலே (தானியங்கி மின்சுவிட்ச்) ஒன்று, தனித்தனி ஃபியூஸ் ஒன்று. இதுதான் புது மோட்டாருக்குச் செய்யக்கூடிய முதல் நல்ல மாற்றம். கம்பெனி ஒயரைச் சீவிச் சுற்றி டேப் ஒட்டிக் கொடுக்கிற ஆளிடம் கொடுக்காதீர்கள்.

ஓடுகிறது, ஆனால் ஒரு பக்கம் செத்த மாதிரி இருக்கிறது

இழுவை பாதியாகிறது, ஹேண்டில் நடுங்குகிறது, பின்னால் பெட்ரோல் வாசம். இரட்டைச் சிலிண்டருக்கே உரிய தொந்தரவு இதுதான். நிறையப் பேர் இதோடு ஒரு வாரம் ஓட்டிவிடுவார்கள், எப்படியோ நகர்கிறதே என்று. ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்டுக்குள் இருக்கும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைக் கெடுக்கும். பிளக்கை விட அதன் விலை எத்தனையோ மடங்கு.

எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு, இரண்டு எக்ஸாஸ்ட் குழாய்களிலும் எஞ்சினை ஒட்டிய ஒரே தூரத்தில் சில துளித் தண்ணீர் தெளியுங்கள். எரிகிற சிலிண்டரின் குழாயில் தண்ணீர் 'சுர்' என்று ஆவியாகும். எரியாத குழாயில் வெறும் ஈரமாக வழியும். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம். நல்ல பக்கத்தைத் தொட்டுவிட்டால் தோல் போய்விடும்.

பக்கம் தெரிந்துவிட்டதா? முதலில் அந்தப் பக்கத்துப் பிளக் மூடியை அழுத்திப் பாருங்கள். பாதி நேரம் அது சரியாக உட்காராததுதான் கதை, குறிப்பாக சர்வீஸுக்குப் போய் வந்த மறுநாள். அதுவும் சரியாக இருந்தால் இடப்பக்கப் பிளக்கை வலப்பக்கமும், வலப்பக்கப் பிளக்கை இடப்பக்கமும் மாற்றுங்கள். எஞ்சின் குளிர்ந்த பிறகுதான் கழற்ற வேண்டும். சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டோடு கழற்றினால் மரை போகும். திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்றுகள் வெறும் விரலால் போக வேண்டும். ஸ்பானரை எடுத்தால் மரை மாறி ஏறியது தெரியாமலே போய்விடும்.

இப்போது மறுபடி தண்ணீர் சோதனை. கோளாறு மறு பக்கத்துக்குத் தாவியிருந்தால் பிளக்தான், வேலை முடிந்தது. தாவவில்லை என்றால் இரு பக்கத்துக்கும் தனித்தனி காயில் (பிளக்குக்குப் பொறி மின்சாரம் தருவது) உள்ள மோட்டாரில் காயிலையும் இதேபோல இடம் மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் இன்ஜெக்டர், ஒயரிங், வால்வு என்று விஷயம் பெரிதாகிறது. கடைக்குப் போகலாம். ஆனால் "ஒரு பக்கம் எரியவில்லை, பிளக், காயில் இரண்டையும் மாற்றிப் பார்த்துவிட்டேன், இடப்பக்கம்தான்" என்று சொல்லிக் கொடுக்கிற வாடிக்கையாளரை மெக்கானிக் வேறு மாதிரி பார்ப்பார். "சத்தம் ஒரு மாதிரி இருக்குண்ணே" என்றால் பில்லும் ஒரு மாதிரிதான் வரும்.

பிளக்கைக் கழற்றிய கையோடு இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மங்கிய பழுப்பில் இருந்தால் நிம்மதி. ஒன்று பழுப்பு, மற்றது கரிக் கறுப்பு அல்லது வெளிறிய வெள்ளை என்றால், அந்த வித்தியாசத்தைத்தான் கவனிக்க வேண்டும். கறுப்பு என்றால் அங்கே பெட்ரோல் கூடுதல், இல்லை பொறி பலவீனம். வெள்ளை என்றால் காற்று கூடுதல். எங்கோ ஒழுகுகிறது.

ஐடில் நொண்டுகிறது

இதில் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏனென்றால் பல மோட்டார்களில் இது கோளாறே இல்லை. இன்டர்செப்டரும் எம்டி-07-உம் 270 பாகைக் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு). ஒரு சிலிண்டர் எரிந்து 270 பாகை சுழன்றதும் அடுத்தது எரியும், அதன் பிறகு 450 பாகை இடைவெளி. கவாசாகி 650-உம் ஹோண்டா 500-உம் 180 பாகை. அங்கே இடைவெளி 180, பிறகு 540. இரண்டிலும் துடிப்பு சமமாக வராது. கப்சாயின் ஒரே சீரான 'டுக் டுக்' பழகிய காதுக்கு இது நொண்டுவதாகப் படும். சுழற்சிமானியின் முள் ஒரே இடத்தில் நின்றால் விட்டுவிடுங்கள்.

முள்ளே ஏறி இறங்கினால், சிக்னலில் நிற்கும்போது தானாக அணைந்தால், காற்று ஒழுகலைத் தேட வேண்டும். த்ராட்டில் பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள ரப்பர், அங்கே இருக்கும் சிறு குழாய் முனைகளை மூடிய ரப்பர் மூடிகள் ஆகியவை வெயிலில் வெடித்தாலோ, பிடிப்பு தளர்ந்தாலோ அந்தச் சிலிண்டர் மட்டும் கூடுதல் காற்றை இழுக்கும். ஐடிலில் ஓடவிட்டு, அந்த ரப்பர்கள் மேல் தெளிப்பானால் வெறும் தண்ணீரை மெல்லியதாக அடியுங்கள். சுழற்சி சட்டென்று மாறினால் ஓட்டை அங்கேதான். சிலர் கார்புரேட்டர் கிளீனரை அடிப்பார்கள். சூடான எக்ஸாஸ்டுக்கு இவ்வளவு பக்கத்தில் அது வேண்டாத வேலை.

ஒழுகலும் இல்லை என்றால் இரண்டு த்ராட்டில்களையும் சமப்படுத்த வேண்டியிருக்கும். இதற்கு வெற்றிட அளவி வேண்டும். கடை வேலை அது. த்ராட்டில் பாடியில் பெயின்ட் புள்ளி வைத்த திருகுகளைத் தொடாதீர்கள்.

வேகத்தைக் குறைத்தால் எக்ஸாஸ்டில் 'பட் பட்'

லேசாகக் கேட்டால் இயல்பு. மாசுக் கட்டுப்பாட்டுக்காக இந்த எஞ்சின்கள் காற்றைக் கொஞ்சம் கூடுதலாக வைத்து எரிக்கின்றன. த்ராட்டலை மூடும்போது மிச்சம் குழாயில் வெடிக்கும். பலமாக, துப்பாக்கி மாதிரி வெடித்தால் எக்ஸாஸ்ட் குழாய் எஞ்சினோடு சேருகிற நட்டுகளைப் பாருங்கள். முதல் சில நூறு கிலோமீட்டரில் இவை சூடேறி ஆறித் தளரும். அங்கே கருமை படிந்திருந்தால் புகை கசிகிறது என்று பொருள். எந்தக் குழாயில் கருமை என்று இரண்டையும் பாருங்கள்.

வால்விலிருந்து 'டிக் டிக்'

சீரான, மெல்லிய டிக் இருப்பது நல்லதே. இடைவெளி இறுகிப்போன வால்வு சத்தமே போடாது, ஆனால் மூடாமல் எரிந்து போகும். பயப்பட வேண்டியது அதற்குத்தான். இன்டர்செப்டரில் எட்டு வால்வுகளுக்கும் திருகும் பூட்டு நட்டும்தான். சர்வீஸில் பார்க்க அதிக நேரம் ஆகாது. பார்த்தார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

நன்றாக ஓடி, இருபது நிமிடத்தில் மூச்சு நின்றது

கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் மறுபடி ஓடுகிறதா? அடுத்த முறை நின்றதும் பெட்ரோல் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டு உடனே கிளம்பினால் டாங்கின் மூச்சுக் குழாய் அடைத்திருக்கிறது. குழாய் எங்கோ மடங்கியிருக்கலாம், டாங்க் பை கட்டியதில் நசுங்கியிருக்கலாம். பள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் அணைந்தால் சைட் ஸ்டாண்ட் சுவிட்சில் சேறு.

பெட்ரோல் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்டர்செப்டரின் அமுக்க விகிதம் 9.5:1. ரோன்95 தாராளமாகப் போதும். ரோன்97 ஊற்றினால் மோட்டார் மென்மையாக ஓடுகிறது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், ஊற்றிக்கொள்ளட்டும்.

மழைக்கோ கழுவியதற்கோ பிறகு தடுமாறுகிறது

பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் தண்ணீர். குழிக்கு வடிகால் துளை உண்டு; மண் அடைத்தால் தண்ணீர் தேங்கிப் பொறி கசியும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் அடைக்கும், அதனால் மேலே சொன்ன தண்ணீர் சோதனையே காட்டிக்கொடுக்கும். மூடியைக் கழற்றி, குழியைக் காற்றடித்து உலர்த்தி, துளையை மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள். கார் கழுவுமிடத்தில் அழுத்தத் தண்ணீர்க் குழாயைப் பிளக், ஹேண்டில் கழுத்து, சக்கர அச்சு, செயின் ஆகியவற்றின் பக்கம் கொண்டுபோக விடாதீர்கள். வாளித் தண்ணீரும் துணியும் போதும்.

நெரிசலில் கால் வேகிறது

இன்டர்செப்டருக்கு ரேடியேட்டர் இல்லை. காற்றும் எஞ்சின் ஆயிலும்தான் குளிர்விக்கின்றன. காற்று நின்றால் குளிர்ச்சியும் நிற்கும். தைப்பூச நேரத்தில் தண்ணீர்மலைப் பக்கம் மாட்டிக்கொண்டால் எஞ்சினை அணைத்துவிடுங்கள், வெட்கம் ஒன்றுமில்லை. முன்னால் இருக்கும் ஆயில் கூலரின் இடுக்குகளில் பூச்சியும் சேறும் அடைந்திருந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். அதற்கு ஒரு கம்பி வலை மாட்டினால் நல்லது.

ஆயில் அளவை எஞ்சின் சூடேறி, அணைத்து, சில நிமிடம் விட்டு, மோட்டாரை நேராக நிமிர்த்திப் பாருங்கள். சைட் ஸ்டாண்டில் சாய்த்துப் பார்த்துக் குறைந்துவிட்டது என்று ஊற்றினால் அளவு மிஞ்சிவிடும். இன்டர்செப்டருக்கு 10டபிள்யூ-50, மோட்டார் சைக்கிளுக்கான ஜாசோ எம்ஏ2 தரம். கார் ஆயில் வேண்டவே வேண்டாம். கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள், ஆயிலுக்குள்ளேயே மூழ்கியிருக்கும் மோட்டார் கிளட்சை வழுக்கவைக்கும்.

முதல் சர்வீஸில் வடித்த ஆயிலில் மினுமினுப்பு இருந்தால் பதற வேண்டாம், புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று தேய்ந்து பழகுவதால் வருவது. கையில் தட்டுப்படும் சில்லுகள் இருந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

சுழற்சி ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

கிளட்ச் வழுக்கல். ஆயர் ஈத்தாம் அணைக்கு ஏறும் வழியில் நன்றாகத் தெரியும். கிளட்ச் பிடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சும்மா அசைய இடம் இருக்க வேண்டும். இல்லை என்றால் கேபிள் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. இதற்கு எதிர்மாறாக அசைவு அதிகமானால் கிளட்ச் முழுக்க விடாது: முதல் கியர் 'டங்' என்று விழும், நியூட்ரல் கிடைக்காது. இரண்டுக்கும் மருந்து கேபிள் முனையில் உள்ள அதே திருகுதான்.

செயினிலிருந்து சத்தம்

மழை ஊரில் மோட்டார் வைத்திருப்பவருக்குக் கை பழக வேண்டிய வேலை இது. தொய்ந்த செயின் தட்டும். இறுகிய செயின் உறுமும். உறுமல்தான் மோசம். பின்சக்கரம் பள்ளத்தில் ஏறி இறங்கும்போது செயின் நீள இடமில்லாமல் கியர்பெட்டியின் பேரிங்கை இழுக்கும். கடையில் இறுக்கிக் கொடுத்துவிட்டு "டைட்டா வச்சிருக்கேன்" என்று பெருமையாகச் சொன்னால் உடனே அளந்து பாருங்கள்.

எவ்வளவு தொய்வு என்பது கையேட்டிலும், பல மோட்டார்களில் ஸ்விங் ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) ஒட்டிய தாளிலும் இருக்கும். கீழ்ப்பக்கம் நடுவில் அளவுகோலை வைத்து, செயினை மேலே தள்ளியும் கீழே இழுத்தும் வித்தியாசத்தைப் படியுங்கள். சக்கரத்தைக் கொஞ்சம் உருட்டி வேறு இடத்திலும் அளவெடுங்கள். ஓரிடத்தில் தொய்வும் வேறிடத்தில் விறைப்புமாக இருந்தால், விறைப்பான இடத்தில்தான் கணக்கு வைக்க வேண்டும். திருத்தும்போது அச்சு நட்டைத் தளர்த்தி, இருபக்கத் திருகையும் கால் கால் சுற்றாக, ஒரே அளவில் திருப்புங்கள். ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை மட்டும் நம்பாதீர்கள். பின்னாலிருந்து குனிந்து செயின் ஸ்ப்ராக்கெட்டில் நேராக ஏறுகிறதா என்றும் பாருங்கள். அச்சு நட்டைக் கையேட்டில் உள்ள விசைக்கு டார்க் ஸ்பானரால் இறுக்குங்கள்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் போதும். செயினுக்குள் ரப்பர் வளையங்கள் இருப்பதால் பெட்ரோலும் இரும்பு பிரஷும் ஆகாது. ஓடிவந்த சூட்டில் உட்பக்கம் படும்படி செயின் ஸ்பிரே அடித்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். எஞ்சினை ஓடவிட்டுக் கியரில் சக்கரம் சுற்றச் சுற்றத் துடைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. விரல் போகும், கையால் சுற்றுங்கள். பாயான் லெப்பாஸுக்குத் தினமும் மழையில் வேலைக்குப் போகிறவர் வாரம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டியிருக்கும்.

ஹேண்டில் ஆட்டம், கை மரத்துப்போதல்

முதலில் டயர் காற்று, அதுவும் காலையில் ஓட்டும் முன். அடுத்து பின் ஷாக் இரண்டும் ஒரே படியில் இருக்கின்றனவா. கடையிலிருந்தே வேறு வேறு படியில் வருவது உண்டு. மெதுவாகப் போகும்போது ஹேண்டில் நடுவில் பல் மாட்டியது போல நின்றாலோ, பிரேக் பிடிக்கும்போது கழுத்தில் 'டொக்' என்றாலோ கழுத்து பேரிங். பினாங்குப் பாலத்தில் மட்டும் ஆடினால் அது கடல்காற்று. கை மரத்தால் எஞ்சின் மவுண்ட் போல்ட்டுகளை இறுக்கச் சொல்லுங்கள். அப்புறமும் போகவில்லை என்றால் ஹேண்டில் முனையில் கனமான எடை மாட்டலாம், செலவு குறைவு.

பிரேக்

மழைக்கு மறுநாள் காலை கீச்சிட்டால் டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு. சில பிடியில் போய்விடும். பிடி பஞ்சு போல உள்ளே போனால் குழாயில் காற்று. ஓட்டாதீர்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றிலோ ஈரத்துக்குக் குறைவில்லை. ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

துருப் புள்ளி

பத்து பெரிங்கி, தெலுக் பாஹாங் பக்கம் வசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடலோரம் ஓட்டி வந்தால் அன்றே நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். ஸ்போக் முனை, எக்ஸாஸ்ட் நட்டு, சீட்டுக்கு அடியில் உள்ள ஒயர் இணைப்புகளில் துருத் தடுப்பு ஸ்பிரே. டிஸ்க்கிலும் டயரிலும் படக்கூடாது. ஈரத்தோடு கவர் போட்டு மூடுவது கவர் போடாமலிருப்பதை விட மோசம்.

என்ன மாற்றலாம்

தொந்தரவு எதுவும் இல்லாதபோது மாற்ற வேண்டியது குறைவு. முன் மட்கார்டை நீட்டும் தகடு எஞ்சினுக்கும் ஆயில் கூலருக்கும் சேறு போகாமல் தடுக்கும். எஞ்சின் கார்டு, சார்ஜருக்கான ரிலே, அவ்வளவுதான் அவசரம். சீட்டை ஜாலான் துன் சார்டோன் வழியாக பாலிக் புலாவ் ஒருமுறை போய்வந்து, இடுப்பைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஸ்போக் சக்கரம் உள்ள இன்டர்செப்டரில் டயருக்குள் டியூப் இருக்கிறது. டியூப்லெஸ் டயருக்குக் குத்துகிற ரப்பர் திரி இதில் வேலை செய்யாது. ஆணி குத்தினால் காற்று சட்டென்று போகும். உதிரி டியூப், டயர் நெம்புகோல், சிறு பம்ப் மூன்றும் பையில் இருக்கட்டும். 2023-இல் அலாய் சக்கரத்தோடு வந்த வகையை வாங்கியவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

எக்ஸாஸ்ட் மாற்றுவதைக் கடைசியில் வையுங்கள். அனுமதி இல்லாத மாற்றத்துக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) சம்மன் உண்டு, உத்தரவாதமும் சிக்கலாகும். காற்றின் கணக்கு மாறுவதால் மேலே சொன்ன 'பட் பட்' இரட்டிப்பாகும், பிளக் வெளிறும். அப்படியும் மாற்றுவதாக இருந்தால் பழைய இரண்டு குழாய்களையும் எண்ணெய் தடவிச் சுற்றி வையுங்கள். விற்கும் நாளில் வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.